ஒரு பேரெண்ணின் பிறப்பும் இயல்பும்

4294967297 என்னும் எண்ணை நம் வழக்கப்படி வாசித்தால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என வரும். இதில் இருப்பவை பத்தே இலக்கங்கள். விண்மீன்களின் தொலைவை அளப்போர் அன்றாடம் கையாளும் எண்களோடு ஒப்பிட்டால் இதனைப் பேரெண் என்று சொல்லவும் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். ஆயினும் கணித வரலாற்றில் இவ்வெண்ணுக்குத் தனியானதோர் இடம் உண்டு. கணித மேதை ஒருவர் உறுதியாகக் கொண்டிருந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிய எண் இது. அதுவும் உடனே பொய்யாக்கிவிடவில்லை. 92 ஆண்டுகள் தன் உண்மை உருவை மறைத்துக்கொண்டிருந்து, அதன் பின்னரே வெளிப்படுத்தியது.

சதுரங்கப் பலகையின் கட்டங்களில் நெல்மணி கேட்ட கதையை நீங்கள் அறிவீர்கள். முதற் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, அடுத்ததில் எட்டு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். பலகையின் பாதியாகிய 32 கட்டங்கள் நிரம்பியதும் எண்ணிப் பார்த்தால் மொத்தம் 4294967295 மணிகள் இருக்கும். முப்பத்து மூன்றாம் கட்டத்தில் மட்டும் வைக்க வேண்டியது 4294967296. அதனோடு இன்னும் ஒரு மணியைச் சேர்த்தால் நம்முடைய எண் கிடைக்கிறது. அதாவது 2-ஐ 32 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையோடு 1-ஐக் கூட்ட வேண்டும். சுருக்கமாக, 2-இன் 32-ஆம் அடுக்கும் ஒன்றும் சேர்ந்தது இவ்வெண்.

ஓர் எண்ணைப் பற்றி முதன்முதலாகக் கேட்கத் தக்க கேள்வி, அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது. 1-ஆலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 போன்றவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. ஏனையவை அவற்றைப் பெருக்கிக் கிடைப்பவை. ஒரு வீட்டைப் பார்த்து அதில் எத்தனை செங்கல் என்று கேட்பதைப் போன்றது இக்கேள்வி. நம் எண் ஒற்றைப்படை எண். ஆகையால் 2-ஆல் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 59 வருகிறது. ஆகையால் 3-ஆலும் வகுபடாது. 7-இல் முடிவதால் 5-ஆலும் வகுபடாது. இதுவரையில் எல்லாம் எளிது. இதற்கு மேல்தான் வழி இருளடைகிறது.

பிரான்சு நாட்டின் தூலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்தவர் பியர் தெ ஃபெர்மா. ஓய்வு நேரத்தில் கணிதத்தில் ஈடுபட்டு, அத்துறையையே தொழிலாகக் கொண்டவர்களையும் வியக்க வைத்தவர். 1640-ஆம் ஆண்டில் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வரிசை எண்களைக் குறிப்பிட்டார். 2-உடன் 1-ஐக் கூட்டினால் 3. 2-இன் இரண்டாம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் 5. நான்காம் அடுக்கோடு கூட்டினால் 17. எட்டாம் அடுக்கோடு 257. பதினாறாம் அடுக்கோடு 65537. இவ்வைந்தும் பகா எண்கள். அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்வதைக் கவனியுங்கள். இடையிலுள்ள அடுக்குகளை எடுத்துக்கொண்டால் பயனில்லை. மூன்றாம் அடுக்கோடு ஒன்று சேர்ந்தால் 9; அது 3-இன் வர்க்கம். ஆறாம் அடுக்கோடு ஒன்று சேர்ந்தால் 65. அது 5-உம் 13-உம் பெருக்கி வந்தது. அடுக்கில் ஒன்றைத் தவிர வேறு ஒற்றைப்படைக் காரணி இருந்துவிட்டால் எண் பகுபட்டே தீரும். ஆகவே இரட்டித்துச் செல்லும் அடுக்குகளுக்கு மட்டுமே பகா எண்ணைத் தரும் வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்புள்ளவை எல்லாம் உண்மையிலேயே பகா எண்கள்தாம் என்று ஃபெர்மா நம்பினார்.

துல்லியமான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும் அவருடைய நம்பிக்கை தளரவுமில்லை. ஐந்து முறை ஒரு செய்தி சரியாக நடந்துவிட்டால் ஆறாவது முறையும் நடக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. ஐந்து நாள் ஒரே நேரத்துக்கு வந்த ரயில் ஆறாம் நாளும் வரும் என்றுதானே நாம் நிலையத்துக்குப் போகிறோம்? வாழ்க்கைக்கு அது போதும். கணிதத்துக்குப் போதாது. வரிசையின் ஆறாம் எண்ணாக நின்றது 4294967297.

1729-ஆம் ஆண்டின் இறுதியில் கோல்டுபாக் என்னும் கணித அறிஞர், ரஷ்ய நாட்டின் பீட்டர்ஸ்பர்க் நகர அறிவியற் கழகத்திலிருந்த லியோனார்டு ஆய்லருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஃபெர்மாவின் இக்கூற்றை நினைவூட்டினார். ஆய்லருக்கு அப்போது வயது 22. முதலில் அவர் இதில் அவ்வளவாக ஊக்கம் காட்டவில்லை. பிறகு எண்ணியல் அவரைப் பற்றிக்கொண்டது. வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1732-இல் அவர் விடையை அறிவித்தார். 4294967297 பகா எண் அன்று. 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும்.

நான்காம் வகுப்பு மாணவனும் சிலேட்டில் பெருக்கிச் சரிபார்த்துவிடக் கூடிய விடை இது. ஆனால் பெருக்கி வந்த தொகையை மட்டும் கையில் கொடுத்து, எவற்றைப் பெருக்கினோம் என்று கேட்டால் அப்பெரியவர்களே தடுமாறினார்கள். பெருக்கல் எளிது, பெருக்கியதைப் பிரித்துக் காட்டுதல் அரிது. இந்த ஏற்றத்தாழ்வை நம்பியே இன்று பல இரகசியச் செய்தி முறைகள் அமைந்திருக்கின்றன.

641 நிச்சயமாக இவ்வெண்ணை வகுக்கும் என்பதை நெடும் பெருக்கல் ஏதும் செய்யாமலே காட்டலாம். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். 641 என்பது 640-உம் 1-உம் சேர்ந்தது. அதுவே 625-உம் 16-உம் சேர்ந்ததுமாகும். இவ்விரண்டு வடிவங்களே போதும். 640 என்பது 5-ஐ 2-இன் ஏழாம் அடுக்கால் பெருக்கியது. ஆகவே 640-இன் நான்காம் அடுக்கு, 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதற்குச் சமம். இப்போது 641-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்குங்கள். 641-ஐ 625 என்றும் 16 என்றும் பிரித்துப் பெருக்கினால், முதற்பகுதி 640-இன் நான்காம் அடுக்காகிறது; இரண்டாம் பகுதி, 16 என்பது 2-இன் நான்காம் அடுக்காதலால், 2-இன் 32-ஆம் அடுக்காகிறது. எனவே நம் எண்ணைப் பெற வேண்டுமானால், 641-இன் மடங்கான அப்பெருந்தொகையிலிருந்து, 640-இன் நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்ததைக் கழித்தால் போதும். 640-இன் வர்க்கத்தில் ஒன்று குறைந்தது 639-ஐ 641-ஆல் பெருக்கியது. நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்தது அதன் மடங்கு. ஆகக் கழிக்கப்படுவதும் 641-இன் மடங்கே. மடங்கிலிருந்து மடங்கைக் கழித்தால் எஞ்சுவதும் மடங்குதானே!

இது கண்டபின் கூறும் நிரூபணம். காண்பதற்கு வழி யாது? அதற்கும் ஆய்லரே விடை தந்தார். 2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்து மீதிகளை எழுதிப் பாருங்கள்: 2, 4, 1, மீண்டும் 2, 4, 1 என்று மூன்று மூன்றாகச் சுழலும். இச்சுழற்சியின் நீளம் 3. அது 7-இல் ஒன்று குறைந்த 6-ஐ மீதியின்றி வகுக்கிறது. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும் இவ்விதி பொருந்தும். இதனை 1640-இலேயே கூறியவர் ஃபெர்மாதான். இப்போது ஒரு பகா எண் 4294967297-ஐ வகுக்கிறது என்று கொள்வோம். அதனைக் கொண்டு வகுத்தால் 2-இன் 32-ஆம் அடுக்கு, ஒன்று குறைவாக நின்றுவிடும். 64-ஆம் அடுக்கிலேதான் முதன்முதலாக மீதி 1 வரும். எனவே சுழற்சியின் நீளம் சரியாக 64. ஆகையால் அப்பகா எண்ணில் ஒன்று குறைத்தால் 64-இன் மடங்கு கிடைக்க வேண்டும். 64-இன் மடங்குகளோடு ஒன்று சேர்ந்த பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது சோதனையிலேயே திருடன் அகப்பட்டுவிடுகிறான்.

1878-இல் எத்வார் லூக்கா என்பவர் இவ்விதியை மேலும் கூர்மையாக்கி, 64-இன் இடத்தில் 128-ஐ வைக்கலாம் என்று காட்டினார். அப்போது 193, 449, 577 ஆகிய மூன்றும் விழுந்துவிடுகின்றன. எஞ்சிய 257-ஐயும் சோதிக்கத் தேவையில்லை. 3, 5, 17, 257, 65537 ஆகிய முதல் ஐந்து எண்களையும் பெருக்கினால் 4294967295 வருகிறது. நம் எண்ணுக்கு இரண்டுதான் குறைவு. அவ்வைந்தில் எதனால் நம் எண்ணை வகுத்தாலும் 2 எஞ்சும். ஆகவே சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641!

இவ்வளவு அருகில் இருந்ததை ஃபெர்மா எப்படித் தவறவிட்டார் என்பது எனக்கு என்றும் வியப்பாகவே இருந்துவருகிறது. விதி எதுவும் தெரியாமல் 2, 3, 5 என்று பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துக்கொண்டே வந்திருந்தாலும் 641 என்பது 116-ஆம் பகா எண். ஒரு வாரப் பொழுதுக்குள் முடியக்கூடிய வேலை. அவரோ விதியையும் கையில் வைத்திருந்தார்.

இவ்வெண்ணைப் பற்றி இன்னொரு செய்தி. அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியில் பிறந்த ஸீரா கோல்பர்ன் என்னும் சிறுவன் மனக்கணக்கில் விற்பன்னன். 1812-இல் அவன் இலண்டன் மாநகருக்கு அழைத்து வரப்பட்டபோது வயது எட்டுக்கு மேல் இராது. அங்கே 4294967297-இன் காரணிகளை அவனிடம் கேட்டார்கள். எழுதாமலே 641 என்று சொல்லிவிட்டான். எவ்வாறு கண்டாய் என்று வினவியபோது விளக்கிச் சொல்ல அவனால் இயலவில்லை.

பெரிய காரணியாகிய 6700417-ஐயும் நாம் சும்மா விட்டுவிடக் கூடாது. அது பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று அதிகம். அதற்குட்பட்ட காரணி இல்லையெனில் அது பகா எண்ணே. காரணிகள் 128-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்தவையாகவே இருக்க வேண்டுமாதலால், 257-ஐ விலக்கிய பின் சோதிக்க வேண்டியவை 641, 769, 1153, 1409 ஆகிய நான்கு மட்டும். வகுத்துப் பார்த்தால் முறையே 44, 120, 334, 622 என்று மீதிகள் வருகின்றன. ஆகவே 6700417 பகா எண். நீங்களும் வகுத்துப் பார்க்கலாம். கால் மணி நேரம் ஆகாது.

இனி, இவ்வெண்ணை அதனதன் வகுப்பில் வைத்துப் பார்ப்போம். இரண்டே பகா எண்களின் பெருக்கம் இது. ஆகவே இதற்கு வகுக்கும் எண்கள் நான்கு: 1, 641, 6700417, அதுவேயாகிய எண். தன்னை நீக்கி மற்ற மூன்றையும் கூட்டினால் 6701059. கிரேக்கர் காலந்தொட்டு, இவ்வாறு கூட்டிய தொகை எண்ணுக்குச் சமமானால் அதனை நிறை எண் என்பர். 6-க்கு 1, 2, 3 கூடி 6 ஆவதுபோல. தொகை மிகுந்தால் மிகை எண், 12 அத்தகையது. குறைந்தால் குறை எண். நம்முடையது மிகவும் குறைந்த குறை எண். அதிகம் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

சுவை மிகுந்த வகுப்பு வேறொன்று. முன்பு கூறிய மீதி விதியின்படி, பகா எண் ஒன்றில் ஒன்று குறைத்து, அந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் 1 எஞ்ச வேண்டும். ஓர் எண் பகா எண்ணா என்று அறிய இதனைச் சோதனையாகக் கொள்ளலாமே என்று தோன்றும். நம் எண்ணை அச்சோதனைக்கு உட்படுத்துங்கள். அதில் ஒன்று குறைத்தால் 4294967296. அது 64-இன் மடங்கு. 64-ஆம் அடுக்கிலேயே மீதி 1 ஆகிவிட்டதால் அதன் மடங்குகள் அனைத்திலும் மீதி 1-தான். சோதனையில் தேறிவிட்டது! பகு எண்ணாக இருந்துகொண்டே பகா எண்ணின் வேடம் தரித்து நிற்கிறது. இத்தகையவற்றைப் போலிப் பகா எண்கள் என்பர். அவற்றுள் மிகச் சிறியது 341. ஃபெர்மா தம் விதியையே உரைகல்லாகக் கொண்டு 2-ஆல் உரைத்திருந்தாலும் இந்தப் பித்தளை பொன்னாகவே மின்னியிருக்கும். 2-க்குப் பதிலாக 3-ஐ வைத்துச் சோதித்தால் வேடம் கலைந்துவிடும். இவ்வகையில் இவ்வரிசை எண்களைச் சோதிக்கும் முறையை பெப்பான் என்பவர் 1877-இல் வகுத்தளித்தார்.

இரு வர்க்கங்களின் கூட்டாக எழுதத்தக்க எண்களின் இனத்திலும் இது சேரும். 65536-இன் வர்க்கமும் 1-இன் வர்க்கமும் கூடினால் நம் எண். இது பார்த்த மாத்திரத்தில் தெரிவது. ஆனால் 62264-இன் வர்க்கத்தையும் 20449-இன் வர்க்கத்தையும் கூட்டினாலும் அதே எண்தான் வருகிறது! பகா எண்ணானால் ஒரே ஒரு வகையில்தான் இவ்வாறு எழுத இயலும். இரண்டு வகையில் எழுத முடிந்ததே இது பகு எண் என்பதற்கு மற்றொரு சான்று. இவ்விரு வகைகளும் எங்கிருந்து பிறந்தன? கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இயற்றிய நூலில் காணும் சமன்பாடு ஒன்று, இரு வர்க்கங்களின் கூட்டான ஓர் எண்ணை அதுபோன்ற மற்றோர் எண்ணால் பெருக்கினால், பெருக்கமும் இரு வர்க்கங்களின் கூட்டாகும் என்பதை உள்ளடக்கியது. 641 என்பது 25, 4 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டு. 6700417 என்பது 2556, 409 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டு. 25-ஐ 2556-ஆல் பெருக்க 63900. 4-ஐ 409-ஆல் பெருக்க 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. 25-ஐ 409-ஆல் பெருக்க 10225. 4-ஐ 2556-ஆல் பெருக்க 10224. கழித்தால் 1, கூட்டினால் 20449. பதினோரு நூற்றாண்டுகள் கழித்துப் பீட்டர்ஸ்பர்க்கில் உடைபட்ட ஓர் எண்ணின் உட்பகுதி, பிரம்மகுப்தரின் சமன்பாட்டுக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தி நிற்பதைக் காண எவருக்குத்தான் உவகை உண்டாகாது!

இவ்வரிசை எண்களுக்கு வடிவகணிதத்திலும் தொடர்பு உண்டென்று 1796-இல் வெளிப்பட்டது. காஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர், 19 வயது நிரம்புமுன், கோடு இழுக்கும் சட்டமும் கவராயமும் மட்டும் கொண்டு பக்கங்கள் சமமான 17 பக்கப் பலகோணம் வரையலாம் என்று கண்டார். 257-க்கும் 65537-க்கும் அஃது இயலும்; ஐந்தையும் பெருக்கிய 4294967295 பக்கங்களுக்கும் கொள்கையளவில் இயலும். இன்று நாம் அறிந்தவற்றுள் அவ்வாறு வரையத்தக்க ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியது அதுவே. அடுத்த எண்ணாகிய 4294967296 பக்கங்களுக்கும் இயலும். அரைவட்டத்தை மேலும் மேலும் பாதியாக்கினால் போதும். அதற்கும் அடுத்த நம் எண்ணுக்கோ இயலாது. 641 அவ்வரிசையில் சேராத பகா எண்ணாகையால் அவ்வழி அடைபட்டுவிட்டது. ஃபெர்மாவின் நம்பிக்கை மெய்யாகியிருந்தால் அதுவும் திறந்திருக்கும்.

இவ்வரிசையின் அடுத்த எண், சதுரங்கப் பலகை முழுவதற்கும் உரிய நெல்மணிகளைவிட இரண்டு அதிகமானது. அதில் 20 இலக்கங்கள் உண்டு. 1880-இல் லாண்ட்ரி என்னும் பிரெஞ்சுக்காரர், தம் 82-ஆம் வயதில், அது 274177-ஆல் வகுபடும் என்று காட்டினார். அதற்கடுத்த எண்ணுக்கு 39 இலக்கங்கள். அதனை 1970-இல் மாரிசன், பிரில்ஹார்ட் என்னும் இருவர் கணிப்பொறியின் துணையோடு பிரித்தார்கள். அதன்பின் வருபவையும், 2-இன் அடுக்கு ஏறக்குறைய 429 கோடியாக உள்ள எண் வரையில், ஒன்று விடாமல் பகு எண்கள் என்று தெளிந்தாகிவிட்டது. அவற்றுள் சிலவற்றுக்கு ஒரு காரணிகூட இன்னும் கைக்கு அகப்படவில்லை. ஆயினும் பெப்பானின் சோதனையால் அவை பகு எண்கள் என்று மட்டும் தெரியும். ஃபெர்மா கண்ட ஐந்துக்கு மேல் ஆறாவதாக ஒரு பகா எண் இவ்வரிசையில் இதுவரை கிடைக்கவில்லை. அப்படி ஒன்று கிடைக்கவே கிடைக்காது என்று நிரூபித்தவரும் இல்லை. இன்னும் தீர்வு காணாமல் முன்னே நிற்கும் எண்ணுக்கு 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அது பகா எண்ணா, பகு எண்ணா என்று இன்றளவும் எவரும் கண்டறியவில்லை.